உன் அம்மா ஏன் கூப்பிடவில்லை

தம்பி, நேற்று நீ விடைபெற்றுக்கொண்டு போன பிறகு, விளக்கைக்கூடப் போடாமல் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அடுத்த வாரம் விமானம் ஏறப்போகிறவன், அத்தனை வேலைக்கு நடுவில் செங்கல்பட்டு வரைக்கும் வந்து, அம்மா படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டாய். நல்ல காரியம். ஆனால் வாசலில் ஷூ மாட்டும்போது என் முகத்தைப் பார்க்காமல் ஒன்று சொன்னாய். "அம்மா கடைசி வரைக்கும் என் மேல கோவமாத்தான்பா இருந்தாங்க. கூப்பிடறதையே விட்டுட்டாங்க. என்னைக் கைகழுவிட்டாங்க." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கார் சாவி எடுத்துக்கிட்டியா?" என்றேன். என் வாயில் எப்போதும் அந்த மாதிரி வார்த்தைதான் முதலில் வரும். நீ தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாய்.

இப்படி ஒரு நினைப்பைச் சுமந்துகொண்டு நீ கடல் தாண்டிப் போகக்கூடாது. அதனால் எழுதுகிறேன். இதை எழுதுவதால் உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறுகிறேன். அவள் போய் இன்னும் வருஷம் திரும்பவில்லை, அதற்குள் வாக்கு மீறுகிறேன். இருந்தால் என்னை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பாள். அவள் உன்னைக் கைகழுவவில்லை, தம்பி. அவள் கூப்பிடாமல் இருந்ததற்குக் காரணம் வேறு. அந்தக் காரணத்தை உலகத்தில் வேறு யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். உனக்கும் எனக்கும்தான் அது புரியும், ஏனென்றால் அது நம் தொழிலிலிருந்து வந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படி.

தொண்ணூறுகளில் நாம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோர நகரியத்தில் குவார்ட்டர்ஸில் இருந்தோம். ஆராய்ச்சி நிலையத்தில் எனக்குக் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை. அங்கே என்னதான் செய்கிறாய் என்று ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கேட்டால் நான் முழிப்பேன். உன் அம்மா குறுக்கே புகுந்து சொல்லிவிடுவாள்: "இவரு எழுதற புரோகிராம் ஒரு கம்ப்யூட்டர்லேர்ந்து இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிடும்ங்க." அதைவிடச் சரியாக என்னாலேயே சொல்ல முடிந்ததில்லை. கூப்பிடுகிற பக்கத்துக்குக் கிளையன்ட் என்று பெயர். யாராவது கூப்பிடுவார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற பக்கம் சர்வர். கூப்பிடுகிறவனுக்கு எதிராளியின் முகவரி தெரிய வேண்டும், அந்த முகவரியில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்ற எண் தெரிய வேண்டும். சி என்ற கம்ப்யூட்டர் மொழியில் இதை எழுதி முடிக்க ஒரு பக்கம் பிடிக்கும். எழுதி ஓட்டினால் முக்கால்வாசி நேரம் தோற்கும். எதிர்ப் பக்கம் அணைந்து கிடக்கும், அல்லது அந்தக் கதவுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள், அல்லது நடுவில் எங்கோ வயர் போயிருக்கும். இணைப்பு கிடைப்பது கூப்பிடுகிறவன் கையில் இல்லை என்பதை நான் சம்பளம் வாங்கிக்கொண்டு கற்றுக்கொண்டேன்.

அம்மாவுக்குச் செங்கல்பட்டில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் வேலை. திருக்கழுக்குன்றம் வழியாகத் தினமும் பஸ்ஸில் போய் வருவாள். சாயங்காலம் நீ பஸ் ஸ்டாப்பில் போய் நின்றுகொள்வாய். மழைக்காலத்தில் ஒருநாள் பஸ் வரவேயில்லை. நான் வந்து வீட்டுக்குக் கூப்பிட்டேன், நீ அசையவில்லை. டீக்கடைக்காரர்கூடச் சொன்னார்: "இன்னா சார், புள்ள அப்போலேர்ந்து நனைஞ்சிகினு நிக்குது, வூட்டுக்கு இட்டுகினு போ சார்." நான் உனக்குப் பெரிய தத்துவம் மாதிரி ஒன்று சொன்னேன்: எதற்கும் ஒரு நேர அளவு வைத்துத்தான் காத்திருக்க வேண்டும், அதற்கு மேல் வராவிட்டால் தோல்வி என்று வைத்துக்கொண்டு வேறு வேலை பார்க்க வேண்டும், என் புரோகிராம் அப்படித்தான் செய்யும் என்று. நீ என்னை ஏதோ மனநிலை சரியில்லாதவனைப் பார்ப்பது மாதிரி பார்த்தாய். "அம்மா வராம எங்க போவாங்க?" என்றாய். கடைசியில் லாரி ஒன்றில் ஏறி வந்து இறங்கினாள், தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட. நீ ஓடிப்போய் அவள் பையை வாங்கிக்கொண்டாய்.

பிறகு நான் ஓய்வு பெற்று இந்தச் செங்கல்பட்டு வீட்டுக்கு வந்தோம். அவளும் முழங்கால் வலியால் முன்கூட்டியே வேலையை விட்டாள். உனக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்து, படூரில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கினாய். ஞாயிற்றுக்கிழமைதோறும் அழுக்குத் துணியோடு வருவாய், இட்லிப் பொடி டப்பாவோடு திரும்புவாய். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான் அவள் கேட்டாள்: "அப்பாவும் நீயும் பேசறது எனக்கு ஒண்ணும் புரியல. எனக்கும் சொல்லித் தாயேன்." நீ சொல்லிக் கொடுத்தாய். ஜாவா மொழி. நாங்கள் ஒரு பக்கம் எழுதிச் செய்த வேலை அதில் ஒரே வரி. முகவரியும் கதவு எண்ணும் கொடுத்தால் போதும், இணைப்பு திறந்துவிடும். எனக்குப் பொறாமையாக இருந்தது, ஒத்துக்கொள்கிறேன். அவளுக்கோ கையில் கோலப்பொடி கிடைத்த மாதிரி ஆகிவிட்டது. கணக்கு டீச்சர் அல்லவா, ஒரு வாரத்தில் உன்னைக் கேள்வி கேட்டே துளைத்தாள்.

உன் ஆபீஸில் சோதனைக்கு என்று வைத்திருந்த கம்ப்யூட்டர் ஒன்றில் நீ ஒரு சின்ன சர்வர் எழுதி வைத்தாய். இங்கிருந்து அவள் தட்டுவது உன் திரையில் வரும், நீ தட்டுவது இங்கே வரும். ஆபீஸ் விதிப்படி அது தப்பு என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். ஆனால் ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டிக்கொண்டு நீங்கள் இருவரும் அடித்த கூத்தைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் வத்தக்குழம்பு செய்முறையை உனக்கு அனுப்புவாள், நீ உன் மேனேஜரைப் பற்றிப் புலம்புவாய். சில நாள் உன் புரோகிராம் ஓடாது. அப்போது அவள் திரையில் 'மறுக்கப்பட்டது' என்று ஆங்கிலத்தில் வரும். முதல் தடவை அதைப் பார்த்து முகம் வாடிப்போனாள். நான்தான் விளக்கினேன்: மறுக்கப்பட்டது என்றால் அந்தக் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறது, இந்தக் கதவுக்கு மட்டும் ஆள் இல்லை என்று அதுவே பதில் சொல்கிறது. "அப்போ ஆபீஸ் நல்லாத்தான் நடக்குது, அவன்தான் வேலையா இருக்கான்" என்று சொல்லிவிட்டு நிம்மதியாகக் காய் நறுக்கப் போனாள்.

அடுத்து நடந்தது உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் உனக்குத் தெரிந்தது உன் பக்கத்துக் கதை. மன்னார்குடியில் என் தங்கை மகன் கல்யாணம். நாங்கள் இரண்டு பேரும் கிளம்ப வேண்டும். அந்த வாரம் உன் புரோகிராம் ஓடிக்கொண்டிருந்தது, ஆனால் நீ உன் இடத்தில் உட்காரவில்லை. கூப்பிட்டால் இணைப்பு கிடைக்கும், பதில் வராது. "நாம ஊருக்குப் போயிருக்கற நேரம் பார்த்து அவன் வந்து உட்கார்ந்தா?" என்று அவளுக்குக் கவலை. என்னிடம் கேட்காமல், உனக்கும் சொல்லாமல், சொந்தமாக நாலு வரி சேர்த்தாள். பதில் வராவிட்டால் மறுபடி கூப்பிடு. அவ்வளவுதான். இடையில் நிற்கச் சொல்லவில்லை. பழைய இணைப்பை மூடிவிட்டுப் புதியதைத் திறக்கச் சொல்லவும் இல்லை. கம்ப்யூட்டரை அப்படியே ஓடவிட்டு, மேலே ஒரு துண்டைப் போர்த்திவிட்டு, என்னோடு ரயில் ஏறினாள்.

நாங்கள் பந்தியில் உட்கார்ந்திருந்தபோது அந்தக் கம்ப்யூட்டர் உன்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. திறந்து, காத்திருந்து, அதை மூடாமல் அடுத்ததைத் திறந்து, அதையும் மூடாமல். ஒவ்வொரு இணைப்புக்கும் அதைக் கவனிக்க ஓர் ஆளை எழுப்பி உட்காரவைக்கிற மாதிரி உன் சர்வர் இடத்தை நிரப்பிக்கொண்டே போனது. அதே கம்ப்யூட்டரில்தான் உன் ஆபீஸுக்கு வந்திருந்த வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு நீ ஓட்டிக்காட்ட வேண்டிய புரோகிராமும் இருந்தது. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது மூச்சு முட்டிப் படுத்துவிட்டது. யார் இப்படிக் கூப்பிட்டது என்று தேடிப் போனால், நம் வீடு. நீ ஃபோன் செய்தபோது அவள் கையில் தாம்பூலப் பை. நீ போட்ட சத்தம் எனக்குப் பக்கத்திலேயே கேட்டது. "உன்னால நான் போக வேண்டிய வெளிநாட்டு வேலை போச்சும்மா! எத்தனை பேர் முன்னாடி நின்னேன் தெரியுமா? உனக்கு வேற வேலையே இல்லையா? இனிமே என் வழிக்கே வராத, ப்ளீஸ்." அவள் "சரிப்பா, சரிப்பா" என்றாள். உன் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது. அதே சமயம் உன் நிலைமையும் எனக்குப் புரிந்தது. அந்தத் தொழிலில் இருந்தவன் எவனுக்கும் புரியும்.

ஊரிலிருந்து வந்ததும் துண்டை எடுத்துவிட்டு, ஒரே ஒரு தடவை கூப்பிட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை மறுக்கப்பட்டது என்று வரவில்லை. ஒன்றுமே வரவில்லை. வெகுநேரம் சும்மா இருந்துவிட்டு, நேரம் முடிந்தது என்றது. டெலிஃபோன் லைன் கெட்டுவிட்டது என்று நினைத்து லைன்மேனை வரவழைத்தாள். அவர் மோடத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, மத்ததெல்லாம் வருதே. அந்தாண்ட ஒரு எடத்துக்குத்தான் போ மாட்டேங்குது. அவங்களாண்ட கேளு" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உன் ஆபீஸ்காரர்கள் நம் வீட்டு முகவரியையே அடைத்துவிட்டார்கள். "இது என்னங்க, மறுக்கக்கூட மாட்டேங்குது?" என்று கேட்டாள். நான் தொழில்காரன் புத்தியில் பளிச்சென்று சொல்லிவிட்டேன்: "வேண்டாம்னு சொல்றதுக்குக்கூட உன்னைக் கண்டுக்க மாட்டாங்க. அப்படி அமைச்சிருக்காங்க." அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அது ஏதோ ஒரு நெட்வொர்க் ஆள் போட்ட விதி, நீ போட்டதில்லை என்று அப்புறம் எவ்வளவோ சொன்னேன். தலையை ஆட்டினாள்.

அதன் பிறகு அவள் ஒழுங்காகப் படிக்க ஆரம்பித்தாள். திறந்ததை எப்படி மூடுவது, பிழை வந்தாலும் வராவிட்டாலும் மூடிவிட்டுத்தான் வெளியே வர வேண்டும் என்பதை எங்கே எழுதுவது, எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது எப்படி, எல்லாம். யாரைக் கூப்பிட்டுப் பழகுவது? உன் சர்வரின் பிரதி ஒன்றை நீ நம் கம்ப்யூட்டரில் விட்டுப் போயிருந்தாய். அதை இங்கேயே ஓடவிட்டு, இங்கிருந்தே அதைக் கூப்பிடுவாள். திரையில் இரண்டு சன்னல். இடது பக்கம் அவள், வலது பக்கம் நீ. ஒரு மத்தியானம் காபி கொண்டுபோய் வைக்கும்போது பார்த்தேன். இடது பக்கத்தில் 'இருமல் எப்படி இருக்கு' என்று தட்டினாள். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டு, வலது பக்கத்தில் 'பரவால்லம்மா, நீ மாத்திரை போட்டியா' என்று தட்டினாள். நான் பார்த்துவிட்டதைப் பார்த்து, "சும்மா டெஸ்ட் பண்றேன்" என்றாள். நான் காபியை வைத்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். இப்போதும் அந்த நாற்காலியைப் பார்த்தால் மாடிக்குத்தான் போகிறேன், தம்பி.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதைப் படித்துவிட்டு உன்னை நீயே போட்டு வதைத்துக்கொள்ளக் கூடாது என்ற நிபந்தனையோடு சொல்கிறேன். உன் சர்வரை வரி வரியாகப் படித்தபோது அவளுக்கு ஒரு விஷயம் கண்ணில் பட்டது. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். "இவன் எத்தனை பேர் உள்ள வரலாம்னு அளவே வைக்கலையே. சும்மா இருக்கறவங்களை வெளிய அனுப்பவும் இல்லையே. அப்போ நான் இல்லாட்டியும் வேற யாராவது ஒருநாள் இதே மாதிரி படுக்கப் போட்டிருக்கலாம் இல்ல?" நான் துள்ளிக் குதித்தேன். தப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது, இதை உனக்கு உடனே சொல்லிவிடலாம், வழக்கு முடிந்தது என்றேன். அவள் அந்தச் சன்னலை மூடினாள். "வேணாங்க. அவனுக்கு அவன் மேலயே கோவம் வந்துடும். அதுக்கு என் மேல இருக்கறதே தேவலாம். நான் தாங்கிப்பேன்." பிறகு அதைப் பற்றி அவள் வாயே திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

இப்போது நீ வாசலில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். நீ அந்த வேலையை விட்டு பெங்களூர் போனாய். பொங்கலுக்கு வந்தாய், தீபாவளிக்கு வந்தாய். மரியாதையாகத்தான் இருந்தாய். அவள் கேட்டதற்கு "ம்" என்றும் "சரிம்மா" என்றும் பதில் சொன்னாய். விருந்தாளியிடம் பேசுவது மாதிரி. அவள் ஃபோன் செய்தால் எடுக்க மாட்டாய், எடுத்தாலும் மீட்டிங்கில் இருப்பாய். அப்போதுதான் என்னிடம் கேட்டாள், பதில் வராத இடத்தை மறுபடி கூப்பிட நாகரிகமான வழி எது என்று. நான் புரோகிராமைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து வெகு உற்சாகமாகச் சொன்னேன். முதல் தடவை தோற்றால் கொஞ்சம் நில். மறுபடி தோற்றால் நிற்கிற நேரத்தை இரண்டு மடங்காக்கு. அதுவும் தோற்றால் அதற்கும் இரண்டு மடங்கு. அப்படிச் செய்தால் எதிராளிக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும், எழுந்திருக்கிறவனை மறுபடி தள்ளிவிட மாட்டோம். ஒரு தடவை நல்லபடியாகப் பேசிவிட்டால் பழையபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். இதைத்தான் எல்லோரும் செய்கிறார்கள் என்றேன். "ரொம்ப நல்ல முறைங்க இது, பதவிசா இருக்கு" என்றாள்.

அவள் அதை உன் ஃபோனுக்கு வைத்துக்கொண்டாள். கம்ப்யூட்டருக்கு இல்லை, உனக்கு. ஒருநாள் கூப்பிட்டு நீ எடுக்காவிட்டால் ஒருநாள் விட்டுக் கூப்பிட்டாள். பிறகு இரண்டு நாள், நாலு நாள், எட்டு நாள். எனக்குப் புரியவே கொஞ்ச காலம் ஆனது. "தம்பிக்கு ஃபோன் போடேன்" என்று நான் சொன்னால், "இன்னும் நாள் இருக்குங்க" என்பாள். ஏதோ விரதம் என்று நினைத்தேன். விஷயம் தெரிந்ததும் கத்தினேன். "அவன் என்ன மெஷினாடி? பெத்த புள்ளைக்கு யாராவது இப்படிக் கணக்கு வெப்பாங்களா?" அவள் அமைதியாக, "ஒருதடவை கணக்கே இல்லாம கூப்பிட்டுத்தானே அவன் வாழ்க்கையைக் கெடுத்தேன்?" என்றாள்.

நீ எடுத்து "மீட்டிங்ல இருக்கேன்மா, அப்புறம் கூப்பிடறேன்" என்று சொன்ன நாட்களை என்ன செய்வது என்று எங்களுக்குள் பெரிய சண்டையே வந்தது. எடுத்தான், குரல் கேட்டது, அதனால் அது வெற்றி, நாளைக்கே கூப்பிடு என்பது என் கட்சி. அவள் கணக்கு டீச்சர், விட்டுக்கொடுக்கவில்லை. "குரல் கேட்டது எனக்குச் சந்தோஷம், அது வேற. ஆனா பேச்சு நடக்கலையே. கதவைத் திறந்துட்டு அப்புறம் வான்னு சொன்னா அது தோல்விதான்." பரீட்சைத் தாளில் அரை மதிப்பெண் போடாத அதே பிடிவாதம். நீ அப்புறம் கூப்பிடுவாய் என்று அன்றைக்குப் பூராவும் ஃபோனைக் கையிலேயே வைத்திருப்பாள். குளிக்கப் போகும்போது என்னிடம் கொடுத்துவிட்டுப் போவாள். நீ கூப்பிட மாட்டாய். அடுத்த முறைக்கான நாள் இரண்டு மடங்காகும். இப்படித்தான் தம்பி, மாசத்துக்கு ஒருமுறை என்று நீ பார்த்த அந்த இடைவெளி உண்டானது. அவள் ஆசை குறையக் குறைய அது நீண்டது என்று நீ நினைத்தாய். அந்த நாட்களை அவள் எப்படி ஓட்டினாள் என்பதை நான் பார்த்தேன்.

உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளிடம் நூறு தடவை சொல்லியிருப்பேன். அவள் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "சொன்னா பாவம்னு கூப்பிடுவான். பாவம்னு வர்ற ஃபோன் எனக்கு வேணாம். அவனுக்கா ஒருநாள் தோணும். அன்னைக்கு முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம்." அந்த ஒருநாளில் அவளுக்கு இருந்த நம்பிக்கையை நான் எதிலும் யாரிடமும் பார்த்ததில்லை. உனக்குப் பெண் பார்க்கும் பேச்சை எப்படி எடுப்பது என்பதுவரை யோசித்து வைத்திருந்தாள். நான் சத்தியத்தைக் காப்பாற்றினேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இல்லை.

பிறகு அந்த விடியற்காலை. பால் வாங்கி வந்தவள், நெஞ்சை என்னவோ பண்ணுகிறது என்று சோபாவில் சாய்ந்தாள். நான் ஆட்டோ பிடித்துக்கொண்டு வருவதற்குள் முடிந்துவிட்டது. நீ பெங்களூரிலிருந்து காரை ஓட்டிக்கொண்டு வந்தாய், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாய், பதினாறாம் நாள் முடிந்து திரும்பிப் போனாய். நம் இருவருக்கும் அழுவதற்குக்கூட ஒருவர் முன்னால் ஒருவருக்குக் கூச்சமாக இருந்தது. அவள் போனது ஒரு இடைவெளியின் நடுவில். அதற்கு முன்னால் அவள் கூப்பிட்டபோது நீ எடுக்கவில்லை. அதற்காக உன்னை நான் குறை சொல்லவில்லை. எடுக்காத ஃபோன் எல்லோருக்கும் இருக்கிறது.

போகிற இடத்தில் உனக்குப் புது ஆட்கள் கிடைப்பார்கள். மனைவி வருவாள், பிள்ளைகள் வருவார்கள். அப்பா என்ற முறையில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். நம் தொழிலில் நல்ல வழக்கம் என்று நாம் படித்ததெல்லாம், எதிர்ப் பக்கம் என்ன நினைக்கும் என்ற கேள்வியே இல்லாத இடத்துக்காக எழுதப்பட்டது. மெஷின், இவள் ஏன் கூப்பிடவில்லை என்று நினைக்காது. கைகழுவிவிட்டாள் என்று முடிவு கட்டாது. மனிதன் அதைத்தான் முதலில் செய்வான். அதனால் மனிதர்களிடம் வெட்கத்தை விட்டுக் கூப்பிடு. எடுக்காவிட்டால் மறுநாளே கூப்பிடு, திட்டினால் திட்டு வாங்கிக்கொள். யாராவது கொஞ்ச நாளாகக் கூப்பிடவில்லை என்றால், அவர்கள் உனக்காகத்தான் ஒதுங்கி நிற்கிறார்களோ என்று ஒரு தடவை நினைத்துப் பார். என்னையும் கூப்பிடு. நேரம் காலம் பார்க்க வேண்டாம். எனக்கு மீட்டிங் எதுவும் இல்லை.

கடைசியாக ஒன்று. நீ பெங்களூர் திரும்பிப் போன பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை உனக்கு என்னிடமிருந்து ஒரு ஃபோன் வந்தது, ஞாபகம் இருக்கிறதா? "சொல்லுங்கப்பா" என்றாய். நான் ஃபோனைக் காதில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்பா? என்னப்பா? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே? நான் ஃப்ரீயாத்தான் இருக்கேன், சொல்லுங்க" என்றாய். "ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். நீ திரும்பக் கூப்பிட்டாய், நான் எடுக்கவில்லை. கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்திருப்பாய். அன்றைக்குக் காலையில் அவளுடைய ஃபோனைத்தான் சார்ஜ் போட்டு எடுத்தேன், ஆனால் அவள் பெயர் உன் திரையில் வந்தால் நீ என்ன ஆவாயோ என்று பயந்து, அதை வைத்துவிட்டு என்னுடையதிலிருந்து கூப்பிட்டேன். அவளுடைய கணக்குப்படி அவள் உன்னைக் கூப்பிட வேண்டிய நாள் அது. முதல் மணியிலேயே எடுத்துவிட்டாய், தம்பி.